கரடி முடிக்கு வெச்ச காசு

பினாங்கு டவுன்ல சௌரஸ்டா பாசார் வாசல்ல காலையில போய் நின்னா நவமணியைப் பாக்கலாம். மூங்கில் தட்டுல ஆவி பறக்க இடியாப்பம், பக்கத்துல தேங்காப்பூ, பழுப்புச் சீனி. இடியாப்பக் கட்டையை அவ அழுத்துறதே ஒரு தினுசா இருக்கும். வலது கை முழுசா, இடது கையில மூணு விரலு. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் கெடையாது.

தொங்கான்னு சொல்ற சரக்குப் படகுல மூட்டை தூக்குற ஹனீபா தெனமும் அங்கதான் பசியாறுவான். வாய் சும்மா இருக்காது.

"ஏன்க்கா, அந்தக் கரடிக்கு ஒன் விரலு இனிச்சுச்சா, கசந்துச்சா?"

"தெரியல தம்பி. ஆனா ஒன் வாயைவிட அது வாயி நாத்தம் கம்மி."

சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க, அவளும் சிரிப்பா. ஆனா அவளைக் "கரடியைக் கொன்னு வித்தவ"ன்னு எவனாவது சொன்னான்னு வைங்க, இடியாப்பக் கட்டை அவன் மண்டைக்கு வரும். ஒருத்தனுக்கு வந்தும் இருக்கு. அந்தக் கதையை ஊர்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி திரிச்சுப் பேசிக்கிட்டுத் திரியிறான். நடந்தது இதுதான், கேட்டுக்குங்க.

நவமணி பொறந்ததே இந்தத் தீவுக்கு அக்கரையில, புக்கிட் மெர்த்தாஜாம் தாண்டி மலையடிவாரத்துல இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்துல. அப்பனும் ஆத்தாளும் அந்த மண்ணுலதான் போனாங்க. புருசன் காய்ச்சல்ல போனான். மிச்சம் இருந்தது லெட்சுமின்னு ஒரு பொட்டப்புள்ள, இடுப்புல தூக்குற வயசு. ரப்பர் வெல விழுந்துச்சே, அப்போ தோட்டம் தோட்டமா கூலிக் கணக்குல ஆளுங்க பேரை வெட்டி, காம்புன்னு ஒரு முகாம்ல அடைச்சு, இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்தி விட்டானுங்க. "ஊருக்குப் போங்க"ன்னான். எந்த ஊரு? நவமணி கண்ட பெரிய ஊரே புக்கிட் மெர்த்தாஜாம் சந்தைதான். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாய்க்குட்டிகூட சொந்தம் கெடையாது. அதனால ஒரே பயம்தான் அவளுக்கு: பேரு வெட்டிரக் கூடாது. வேலை போனா கப்பல். கப்பல் ஏறினா புள்ளையும் தானும் தெருவுல.

அந்தப் பயத்தோடதான் அன்னைக்கும் பால் எடுத்துட்டு வந்தா. தோள்ல காண்டாக் கம்பு, ரெண்டு முனையிலயும் இரும்புக் கொக்கி, கொக்கிக்கு ஒரு வாளி ரப்பர் பாலு. மலை ஓரத்துக் கடைசி நெரை அது. பட்டுப்போன ஒரு மரத்துல கொசுத்தேன் கூடு. கரடி அதைப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. தலையில பாரம் வெச்சிருந்தாலாவது நிமிந்து பாக்கலாம். தோள்ல ரெண்டு வாளி வெச்சவ காலடியைத்தான பாப்பா? கிட்ட வந்துட்டா. அதுவும் பாத்துருச்சு. கருப்பு, குட்டை, கழுத்துக்குக் கீழ மஞ்சளா ஒரு பிறை. ரெண்டு கால்ல எந்திரிச்சு நின்னு உறுமுச்சு.

அப்போ நவமணி என்ன பண்ணினா தெரியுமா? வாளியை இறக்கி வெச்சா. தூக்கி எறியல. குனிஞ்சு, ஒரு சொட்டுகூட சிந்தாம, பதமா இறக்கி வெச்சா.

ஏன்னு தோட்டத்துல இருந்தவனுக்குக் கேக்காமலே தெரியும். பாலைச் சிந்தினா அன்னைக்கு அரைப் பேரு, பாதிக் கூலிதான். ரெண்டு தடவை சிந்தினா கணக்கெழுதுற கிராணி கண்ணுல பட்டுருவா. கண்ணுல பட்டவ பேருதான் மொதல்ல வெட்டு வாங்கும். எதுருல கரடி நிக்கிறப்பவும் அவ கைக்குக் கிராணி பயம்தான் முந்துச்சு.

அவ குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள அது பாஞ்சிருச்சு. தோளைக் கிழிச்சு, தடுத்த இடது கையைக் கவ்விருச்சு. வலது கையில கம்பு. கொக்கி முனையை அது மூக்குல குத்தினா. விடல. மறுபடியும் குத்தினா. விட்டுச்சு, சாஞ்சுச்சு. சாஞ்சதுக்கப்புறமும் அடிச்சா. அலறல் கேட்டு ஆளுங்க ஓடிவந்தப்போ அவ கத்திக்கிட்டே அடிச்சுக்கிட்டு இருந்தா, கரடி எப்பவோ செத்திருந்துச்சு.

லயத்துல அன்னைக்குத் திருவிழாதான். செத்த கரடியைக் கம்புல கட்டித் தூக்கிட்டு வந்து மாரியம்மன் கோயில் முன்னால போட்டு, தப்பு அடிச்சு, நவமணி கழுத்துல மாலை போட்டானுங்க. தோட்டத்துல வைத்தியம் பாக்குற டிரஸ்ஸர் அவ கையில மருந்தை ஊத்தித் துணியைச் சுத்தி விட்டான். மறுநாள் காலையிலயே பொம்பளைங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. எதுக்கு? கரடி முடிக்கு. தூக்கத்துல அலறி எந்திரிக்கிற புள்ளைக்குக் கரடி முடியைத் தாயத்துல அடைச்சுக் கட்டினா பயம் தெளியும்னு நம்ம சனத்துக்கு நம்பிக்கை. கரடியைக் கொன்னவ கையாலயே வாங்கினா இன்னும் விசேசம். நவமணியும் இல்லேன்னு சொல்லல. நல்லா இருந்த கையால ரெண்டு ரெண்டு முடியா எடுத்துக் கொடுத்தா.

ஆனா தாயத்தைச் சும்மா வாங்கக் கூடாது. சும்மா வாங்கினா பலிக்காது. அதுக்காக வர்றவ ஒவ்வொருத்தியும் தட்டுல ஒரு வெத்தலை, ஒரு பாக்கு, அது மேல ஒரே ஒரு செம்புக் காசு வெச்சுட்டுப் போனா. நவமணி அந்தக் காசை மாரியம்மன் உண்டியல்ல போட்டா. எண்ணிக்கூடப் பாக்கல. இந்த ஊருல வாழுற எந்தத் தமிழச்சியைக் கேட்டாலும் இதுல என்ன தப்புன்னுதான் கேப்பா.

அந்தச் செம்புக் காசுதான் அவ காலைச் சுத்துச்சு.

கை சீழ் பிடிச்சிருச்சு. டிரஸ்ஸர் கையை விரிச்சுட்டான். புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஃபெர்ரி ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தா. ரெண்டு விரலை எடுத்தாங்க. வார்டுல படுத்திருந்தவளைத் தேடி ஒரு பொம்பளை வந்தா. பேரு ஷரீஃபா. சூலியா தெருவுல சாயாக்கடை வெச்சிருக்கிற மீரா சாகிப்போட பொஞ்சாதி. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, கையில வெத்தலை, பாக்கு, காசு.

"நீங்கதான் அந்தக் கரடி அக்காவா? எம் புள்ள ராவெல்லாம் அழுவுறான். ரெண்டு முடி இருக்குமா?"

நவமணி முந்தானை முடிச்சை அவுத்தா. கொஞ்சம் முடி அதுல பத்திரமா இருந்துச்சு. எடுத்துக் கொடுத்தா. ஷரீஃபா போறப்போ லெட்சுமியைத் தூக்கிட்டுப் போயிட்டா. "ஆஸ்பத்திரியில பச்சப்புள்ளையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? எங்கூட்டுல கெடக்கட்டும். ஒங்களுக்கு சொகமானதும் வாங்க." அவ்வளவுதான் பேச்சு. அன்னைக்குப் பிடிச்ச சிநேகம் இன்னைக்கு வரைக்கும் விடல.

வார்டுலயே வந்து சேந்துச்சு சம்மன். காட்டு மிருகத்தைப் பர்மிட் இல்லாம கொன்னு வித்த குத்தம்னு கேஸ். எழுதிப் போட்டது வேற யாரும் இல்ல, அவ தோட்டத்துத் தொரையேதான். அவன் வீட்டுக்குப் பெருக்கப் போன பொம்பளைங்க எல்லாரும் பாத்திருக்காங்க, சுவத்துல புலித்தோலு, தரையில மான்தோலு, வாசப்படியில யானைக்காலு. அது வேட்டையாம், வீரமாம். பர்மிட் எடுத்துக் கொன்னவன் கனவான். பர்மிட் இல்லாம உசுரு பொழச்சவ குத்தவாளி. பாஞ்சு வர்ற கரடிகிட்ட "கொஞ்சம் நில்லு, ஆபீசுக்குப் போயி எழுதி வாங்கிட்டு வர்றேன்"னு சொல்லணுமாம்.

இங்கிலீஷ் பேப்பர்ல அந்த மாசம் வேற சேதியே இல்லாத மாதிரி கரடி, கரடி, கரடி. ஒருத்தன் எழுதுறான், அது தேன் தின்னுற சாது, கூலிக்காரங்க பித்தத்துக்கும் முடிக்கும் ஆசைப்பட்டு அடிச்சுப் போடுறாங்கன்னு. இன்னொருத்தன், மனுச உசுரு பெருசா கரடி உசுரு பெருசான்னு அவனுக்குப் பதில். விரலு போனவளை ஒரு வார்த்தை கேட்டவன் ஒருத்தனும் இல்ல.

கை ஆறுற வரைக்கும் நவமணி மீரா சாகிப் கடைப் பின்கட்டுல இருந்தா. மூணு விரலால அரிசி களையப் பழகிக்கிட்டு இருந்தா. முன்கட்டுல தெனமும் சாயா குடிக்க வர்ற அப்துல் அஜீஸ் தமிழ்ப் பேப்பரைச் சத்தமா படிப்பான், மத்தவன் எல்லாம் சாயா ஆறுறது தெரியாம கத்துவான்.

"சட்டத்துலயே போட்டிருக்கு லா, உசுருக்கு ஆபத்துன்னா கொல்லலாம்னு. அப்புறம் என்ன கேசு?" இது ஹனீபா.

"கொன்னதுக்கு இல்லப்பா கேசு. வித்தாளாமே. விக்கிறதுக்குத்தான் கொன்னான்னு சொல்றான்." இது அப்துல் அஜீஸ்.

மூலையில ஒரு துணிக்கடைக் கணக்கப்பிள்ளை. அவனுக்கு எல்லாம் தெரியும். "அதெல்லாம் சரி. கரடி வந்தா என்ன பண்ணணும்? மூச்சை அடக்கிக்கிட்டுச் செத்த மாதிரி படுத்துக்கணும். மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிரும். இவளுக்கு அந்தப் பொறுமை இல்ல. வாயில்லா ஜீவன், பாவம்."

பின்கட்டுக் கதவு தொறந்துச்சு. நவமணி ஈரக் கையோட வந்து அவன் முன்னால நின்னா.

"அண்ணே, நீங்க படுத்துப் பாத்திருக்கீங்களா?"

"நானா? நான் எதுக்கும்மா..."

"சும்மா கேட்டேன். வாயில்லா ஜீவன்னு சொன்னீங்களே." கட்டுப் போட்ட கையை அவன் மேசை மேல வெச்சா. "அதுக்கு வாய் இருந்துச்சுண்ணே."

கடையே கெக்கே பிக்கேன்னு சிரிச்சுச்சு. கணக்கப்பிள்ளை சாயாவை மிச்சம் வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

வெளிய இருக்கிறவன் பேசுனதைத் தாங்கிக்கலாம். நம்மாளு வந்தான் பாருங்க, அதுதான் தாங்கல. டவுன்ல படிச்ச தமிழனுங்க சேந்து ஒரு சபை நடத்தினானுங்க. அதுக்கு செக்ரட்டரி ராமதாஸ். ஆபீசுல பெரிய கிளார்க், வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்து உக்காந்தார்.

"நவமணி, ஒன் கேசால நம்ம எல்லாருக்கும் தலைகுனிவு. தாயத்து, மயிரு, மந்திரம்னு இங்கிலீஷ் பேப்பர்ல எழுதுறான். வெள்ளக்காரன் சிரிக்கிறான். நீ பேசாம குத்தத்தை ஒத்துக்க. தெரியாம பண்ணிட்டேன்னு கையெடுத்துக் கும்பிடு. அபராதத்தை சபை கட்டிரும்."

"ஒத்துக்கிட்டா தோட்டத்துல பேரை வெட்டிருவாங்கய்யா."

"வெட்டினா என்ன? ஊருக்குப் போக சர்க்காரே கப்பல் குடுக்குதே."

"எந்த ஊருக்குய்யா?"

ராமதாஸ் மேசை மேல இருந்த கைலேசை எடுத்து முகத்தைத் தொடச்சார். கையைத் தூக்குனப்போ கோட்டுக் கை மேல ஏறுச்சு. மணிக்கட்டுக்கு மேல கருப்புக் கயிறு, அதுல தாயத்து அடைச்ச ஒரு வெள்ளிக் குப்பி. நவமணி பாத்தா. அவ பாக்குறதை அவரும் பாத்தார். கோட்டுக் கையைக் கீழ இழுத்து விட்டுக்கிட்டார்.

"நான் விக்கலய்யா," நவமணி சொன்னா. "உசுருக்குத்தான் அடிச்சேன். அதை மாத்திச் சொல்ல மாட்டேன்."

கோர்ட்டு அன்னைக்கு நிக்க எடம் இல்ல. நம்ம சனமும் சீனனும் மலாய்க்காரனும் சன்னல்ல தொத்திக்கிட்டு நின்னான். கவர்மெண்டு வக்கீல் ஒரு வெள்ளக்காரன். மொதக் கேள்வியே வாளியைப் பத்தி.

"கரடியைப் பாத்ததும் வாளியைக் கீழ வெச்சியா, எறிஞ்சியா?"

"வெச்சேங்க."

"சிந்திச்சா?"

"இல்லீங்க." அதைச் சொன்னப்போ அவ மொகத்துல கொஞ்சம் பெருமைகூட இருந்துச்சு. பாலைச் சிந்தாதவன்னு பேரு வாங்குறதுக்குத்தான பொழுதெல்லாம் பாடுபட்டா.

வக்கீல் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினான். ரெண்டு வாளி பாலைச் சொட்டு சிந்தாம இறக்கி வெக்க நேரம் இருந்திருக்கு, ஓடுறதுக்கு நேரம் இல்லையாம், இதை நம்பணுமான்னு கேட்டான். கோட்டு போட்டவன் எல்லாம் தலையை ஆட்டினான். பின்னால நின்ன தோட்டத்துச் சனம் மட்டும் பல்லைக் கடிச்சுச்சு. அரைப் பேருன்னா என்னன்னு அந்த வக்கீலுக்கு யாரு சொல்றது? கிராணி அங்கதான் உக்காந்திருந்தான். வாயைத் தொறக்கல.

"செத்து விழுந்ததுக்கப்புறமும் ஏன் அடிச்ச?"

"எந்திரிச்சுருமோன்னுதாங்க."

அடுத்து காசு. வெத்தலை மேல காசு வெச்சாங்களா? வெச்சாங்க. நீ வாங்கினியா? வாங்கினேன். அவ பக்கம் பேச வந்த வக்கீல் மெதுவா கண்ணைக் காட்டினார், "எனக்குத் தெரியாது, பொம்பளைங்களா வெச்சுட்டுப் போனாங்க"ன்னு சொல்லிருன்னு. சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா, லயத்துப் பொம்பளைங்க மாட்டியிருப்பாங்க. நவமணி நேரா மாஜிஸ்திரேட்டைப் பாத்து, "நான்தாங்க வாங்கினேன். சும்மா குடுத்தா பலிக்காதுங்க. அது வெல இல்லீங்க. யாரை வேணா கேளுங்க"ன்னா.

மாஜிஸ்திரேட் கேட்டார், அதையும் சொல்லணும். வழக்கம் தெரிஞ்ச படிச்ச தமிழர் யாராவது இருக்காங்களான்னு கேட்டார். ராமதாஸ் எந்திரிச்சார். நவமணி மொகம் தெளிஞ்சுருச்சு. கோட்டுக்குள்ள இருக்கிற கயிறைத்தான் அவ பாத்திருக்காளே. அந்தக் குப்பிக்கும் ஒருத்தி ஒரு காசு வெச்சுத்தான வாங்கியிருப்பா?

"உங்க வழக்கத்துல இது தானமா, விக்கிறதா?"

ராமதாஸ் மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணினார். வெள்ளக்கார வக்கீலைப் பாத்தார். பேப்பர்க்காரனைப் பாத்தார். நவமணி பக்கம் மட்டும் பாக்கல.

"படிச்சவங்ககிட்ட இந்த மாதிரி வழக்கம் எதுவும் கெடையாதுங்க. காசு வாங்கினா அது விக்கிறதுதாங்க."

அவ்வளவுதான். அபராதம், இல்லாட்டி ரெண்டு வாரம் ஜெயிலு. தீர்ப்பு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ராமதாஸ் ஓடி வந்தார், "சபை கட்டிரும், சபை கட்டிரும்"னு.

"வேணாம்யா," நவமணி சொன்னா. "நீங்க கட்டினா நான் வித்தவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி." ஷரீஃபா இடுப்புல இருந்த லெட்சுமியை ஒரு தடவை தடவிட்டு, போலீஸ்காரனுக்கு முன்னாலயே நடந்து போனா.

ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கு வாசல்ல கிராணி நின்னான், கையில காகிதம். பேரு வெட்டியாச்சு, காம்புக்கு வா, கப்பல் இருக்கு. பேப்பர்ல கரடிக்கு அழுதவன் ஒருத்தனும் அங்க இல்ல. சபையும் இல்ல. மீரா சாகிப் நின்னார், தலையில தொப்பி, கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு.

"எங்க கூட்டிட்டுப் போற?"

"வேலை இல்லாதவளைக் காம்புக்குக் கூட்டிட்டுப் போறேன் பாய். சர்க்கார் உத்தரவு."

"யாருக்கு வேலை இல்ல? இவ எங்கட ஆளு. எங்கூட்டு அடுப்புல நாளைக்கு இடியாப்பம் யாரு பிழிவா, நீ வந்து பிழிவியா?"

கிராணி ஏதோ முணுமுணுத்துக்கிட்டுப் போயிட்டான். நவமணி இந்த டவுன்காரி ஆனது அப்படித்தான்.

வருசம் ஓடிருச்சு. போன மழைக்காலத்துல ஒரு நாள், பாசார் நெறையக் கூட்டம். குடையைச் சாச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் இடியாப்பத் தட்டு முன்னால வந்து நின்னார். மூக்குக் கண்ணாடி. ராமதாஸ்.

"நவமணி," குனிஞ்சு கூப்பிட்டார். "எங்க பையனை நாய் தொரத்திருச்சு. அதுலருந்து தூக்கமே இல்ல. ஒடம்பு நூலா போச்சு. டாக்டர்கிட்ட எல்லாம் காட்டியாச்சு. வீட்டுல ஒரே அழுகை. உன்கிட்ட... இன்னும் கொஞ்சம் இருக்குன்னு சொன்னாங்க."

"என்னதுய்யா?"

"அதான்... அந்த முடி."

நவமணி கட்டையைக் கீழ வெச்சா. முந்தானையில முடிச்சு இருந்துச்சு. ராமதாஸ் அவசர அவசரமா சட்டைப் பையில இருந்து அஞ்சு வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினார்.

"அது வெலய்யா. அதை வாங்கினா நான் மறுபடி உள்ள போகணும்."

"அப்ப சும்மா குடு."

"சும்மா குடுத்தா பலிக்காது. ஒங்களுக்கும் தெரியும்."

அவர் சுத்தி முத்திப் பாத்தார். ஹனீபா வாய்க்குப் போன இடியாப்பத்தைப் பாதியில நிறுத்திட்டு நின்னான்.

"பின்ன நான் என்னதான் பண்றது?"

"எதிர்க்கடையில வெத்தலை வாங்கிட்டு வாங்க. மேல ஒரு காசு வைங்க. வெக்கிறப்போ மாஜிஸ்திரேட் அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கு எல்லாருக்கும் கேட்ட மாதிரி கேக்கணும்."

ராமதாஸ் போனார். திரும்பி வரமாட்டார்னு ஹனீபா பந்தயம் கட்டினான், தோத்தான். வெத்தலை, பாக்கு, செம்புக் காசு. தட்டு ஓரத்துல வெச்சார். மழை கோட்டுல சொட்டுச்சு.

"அது விக்கிறது இல்ல," மெதுவா சொன்னார்.

"என்னங்க செக்ரட்டரி, மழைச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கலயே!" ஹனீபா விடல.

"விக்கிறது இல்ல!" இந்தத் தடவை மீன் கடைக்காரனே திரும்பிப் பாத்தான். "இவ வித்ததே இல்ல. உசுருக்குத்தான் அடிச்சா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

கோர்ட்டுத் தீர்ப்பு இன்னமும் அப்படியேதான் கெடக்கு. அதை எவனும் மாத்தல, மாத்தப் போறதும் இல்ல. போன விரலும் வரல. நவமணி காசை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. முடிச்சை அவுத்து ரெண்டு முடியை எடுத்து வெத்தலையில மடிச்சு அவர் கையில வெச்சா.

"கட்டுறப்போ புள்ளை சட்டைக்கு மேல கட்டுங்க," அவ சொன்னா. "கோட்டுக்குள்ள ஒளிச்சுக் கட்டாதீங்க."

அப்புறம் மூணு விரலை இடியாப்பக் கட்டை மேல வெச்சு அழுத்தினா.

"அடுத்து யாருக்குப்பா? தேங்காப்பூ தூக்கலா போடவா?"